தலைக்கவசமும் மலைப்பாதையும்

துவிச்சக்கர வண்டியிற் செல்வோர் அனைவரும் தலைக்கவசம் அணிந்தே தீரவேண்டும் என்று சட்டம் விதிக்கலாமா என்னும் வினா, கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளாக உலகின் பல நகரங்களில் ஆராயப்பட்டு வருகின்றது. வைத்தியர்கள் ஒரு பக்கமும் போக்குவரத்து ஆராய்ச்சியாளர்கள் மறுபக்கமுமாக நின்று வாதிடுகின்றனர். வைத்தியர்களே இரு பக்கத்திலும் நிற்பதும் உண்டு. ஆனால் இவ்வாதங்களிற் பெரும்பாலானவை சமதரையிற் பிறந்தவை. அவற்றைச் சுமந்துகொண்டு நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் ஏறிவந்தால், சில வாதங்கள் நிலைத்து நிற்கின்றன. சில பள்ளத்தை நோக்கி உருண்டுவிடுகின்றன. எவை நிற்கின்றன, எவை உருளுகின்றன என்பதையே இன்று ஆராய்வோம்.

மலையகத்தாருக்குத் துவிச்சக்கர வண்டி புதிய பொருள் அன்று; ஆயினும் அஃது இங்குக் குடிபுகவில்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீட்டுக்கு ஒரு வண்டியேனும் சுவரிற் சாய்ந்து நிற்கும். தோட்டத்து லயத்தின் முன் அவ்வாறு காண்பது அரிது. லயம் மேட்டில் இருக்கின்றது. கடைத்தெருவோ பள்ளத்தில் இருக்கின்றது. இறங்கும்போது வண்டி ஆளைச் சுமக்கும். திரும்பும்போது ஆள் வண்டியைத் தள்ளவேண்டும். 2022ஆம் ஆண்டில் நாட்டிற் பெற்றோல் கிடையாது போனபோது, கொழும்பில் உத்தியோகத்தர்கள் பலர் துவிச்சக்கர வண்டிக்கு மாறினர். வண்டியின் விலையும் மளமளவென்று ஏறியது. தோட்டங்களுக்கு அந்தப் புகலிடம் இல்லை. அங்குப் பெற்றோல் இல்லையேல் நடைதான்.

இருப்பினும், இங்குத் துவிச்சக்கர வண்டி ஓடுவதே இல்லை என்று கூறிவிட முடியாது. நுவரெலியாவில், ஆளுநர் கிரகரியின் காலத்தில் 1873ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட வாவியின் கரையிலே, விடுமுறைக்கு வருவோர் வாடகைக்கு வண்டி எடுத்துச் சுற்றுகின்றனர். கியர் பூட்டிய வண்டிகளிற் தொலைதூரம் செல்லும் இளைஞரும் உளர். மோட்டார் சைக்கிளோ தோட்டத்து உத்தியோகத்தர், வியாபாரிகள், கொழும்பில் உழைத்துச் சேமித்த இளைஞர் ஆகிய பலரிடமும் வந்துவிட்டது. ஆகவே மலையகத்தின் தலைக்கவசப் பிரச்சினையை மிதிவண்டியோடு மட்டும் நிறுத்திவிடல் இயலாது.

தலைக்கவசம் என்ன செய்கின்றது என்பதை முதலிற் பார்ப்போம். மண்டையோடு உடையாமற் காப்பதே அதன் தொழில் எனப் பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. மூளை, மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதந்து நிற்கும் மென்மையான உறுப்பு. விரைந்து செல்லும் தலை ஒரு கருங்கல்லில் மோதும்போது மண்டையோடு அக்கணமே நின்றுவிடுகின்றது. உள்ளிருக்கும் மூளை நிற்பதில்லை. அது தன் வேகத்திலேயே சென்று எலும்பின் உட்சுவரில் அடிபடுகின்றது. வெளியே ஒரு கீறலும் காணப்படாத ஒருவர், சில மணி நேரத்தின் பின் நினைவிழப்பது இதனாலேதான்.

எனவே தலை நின்றுபோகும் தூரம் எவ்வளவு என்பதே முக்கியமான கேள்வி. வெறுந்தலை இரண்டொரு மில்லிமீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடுகின்றது. கவசத்தின் உட்புறத்தில், கடைகளில் ரெஜிபோம் என்று சொல்லப்படும் இனத்தைச் சேர்ந்த வெள்ளை நுரைப்பொருள் அடர்த்தியாகப் பதிக்கப்பட்டிருக்கின்றது. மோதும்போது அது நசுங்கி, அத்தூரத்தை இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு நீட்டிக்கொடுக்கின்றது. நிற்கும் தூரம் பத்து மடங்கானால், தலை தாங்கவேண்டிய அடி பத்தில் ஒரு பங்காகக் குறையும். கவசத்தின் இரகசியம் முழுவதும் இவ்வளவே. ஒரு முறை நசுங்கிய நுரை மீண்டும் பழைய நிலையை அடையாது. ஆகையால் ஒரு விபத்திற் பலமாக அடிபட்ட கவசம், வெளியே பளபளப்பாக இருந்தாலும், அதன் கடமையை முடித்துக்கொண்டதேயாகும்.

இந்தக் கருவி பிறந்த கதையிலும் ஒரு துவிச்சக்கர வண்டி வருகின்றது. அரேபியப் பாலைவனப் போரினாற் புகழ்பெற்ற ஆங்கிலேயரான ரி. ஈ. லோறன்ஸ், 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் மோட்டார் சைக்கிளில் விரைந்து வந்துகொண்டிருந்தார். வீதி ஓரிடத்திற் பள்ளமாக இறங்கியமையால், முன்னே துவிச்சக்கர வண்டிகளிற் சென்ற இரு சிறுவர்கள் அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. அருகில் வந்தபின் கண்டு விலக முயன்றபோது தூக்கியெறியப்பட்டார். தலையிற் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து உயிர்நீத்தார். அவரைப் பார்வையிட்ட மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ் என்பவர், அதன்பின் மோட்டார் சைக்கிள் விபத்துகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1941இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியிற் பிரித்தானிய இராணுவம், செய்தி கொண்டுசெல்லும் வீரர்கள் கவசம் அணிதல் வேண்டும் என ஆணையிட்டது. பொதுமக்களுக்கு அதே விதி வர 1973 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. ஒரு பெருமனிதரின் மரணம் கூட ஒரு விதியை முப்பத்தெட்டு ஆண்டுகள் தாமதித்தே கொண்டுவருகின்றது.

மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை இன்று ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. கொக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு நிறுவனம் 2008இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியபோது, கவசம் மரண ஆபத்தை 42 வீதமும் தலைக்காய ஆபத்தை 69 வீதமும் குறைப்பதாகக் கண்டது. இலங்கையிலும் மோட்டார் சைக்கிளைச் செலுத்துபவரும் பின்னால் அமர்பவரும் கவசம் அணிதல் சட்டப்படி கட்டாயம்.

இங்கு எழுந்த சர்ச்சை வேறு வகையினது. 2015ஆம் ஆண்டில், முகம் முழுவதையும் மூடும் கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸார் முற்பட்டனர். கொள்ளையிடுவோர் அதனால் முகத்தை மறைத்துக்கொள்கின்றனர் என்பது அவர்கள் கூறிய காரணம். வண்டி செலுத்துவோர், தாடையையும் முகத்தையும் காப்பது அதுவே என்று எதிர்த்தனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவினாற் தடையை நிறுத்திவைத்தது. எம் கருத்தில் வண்டி செலுத்துவோர் கூறியதே நியாயம். கள்வனைப் பிடிக்கும் வழி, நல்லவனின் தாடையைத் திறந்துவிடுவது ஆகாது. மலையகத்தின் குளிருக்கும் மழைச்சாரலுக்கும் முழுக்கவசம் ஒரு போர்வை. மூடுபனியில் அதன் கண்ணாடி மங்கிவிடுவதொன்றே அதன் குறை.

தமிழ்நாட்டின் அனுபவமும் எமக்குப் பாடமாகும். அங்கு 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாந் தேதி விதி நடைமுறைக்கு வந்தது. சில காலத்திற் தளர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவினால் 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாந் தேதி மீண்டும் உயிர்பெற்றது. அந்நாட்களிற் கவசம் விற்கும் கடைகளில் மக்கள் முண்டியடித்தனர். வீதியோரங்களில் தரமற்ற கவசங்களும் குவிந்தன. நுரையே இல்லாத வெறும் பிளாஸ்டிக்குச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பொலிஸாருக்குத் தப்பலாம். கல்லுக்குத் தப்ப முடியாது.

மலையகத்திலும் இம்மனப்பாங்கைக் காணலாம். தோட்டத்துப் பாதையிற் கவசம் கைபிடியில் தொங்குகின்றது. பொலிஸார் நிற்கும் சந்தி நெருங்கும்போது தலைக்கு ஏறுகின்றது. சந்தி கடந்ததும் மீண்டும் இறங்குகின்றது. தகப்பனுக்கும் தாய்க்கும் கவசம் இருக்கும். இருவருக்கும் நடுவே நெருக்குண்டு அமர்ந்திருக்கும் குழந்தைக்கு இராது. தோட்டத்துப் பாதை நம் சொந்தப் பாதைதானே என்னும் எண்ணம் இதற்குக் காரணம் போலும். உண்மையில் கற்கள் பெயர்ந்து, பாசி படிந்து, ஒரு பக்கம் தேயிலைச் சரிவாக இருக்கும் அப்பாதையே விழுவதற்கு எளிதான இடம்.

இனி மிதிவண்டிக்கு வருவோம். விவாதம் சூடுபிடிப்பது இங்கேதான்.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாந் தேதி, மிதிவண்டி செலுத்துவோர் யாவருக்கும் கவசத்தைக் கட்டாயமாக்கியது. நியூசிலாந்து 1994இல் அதனைப் பின்பற்றியது. விக்டோரியாவில் கவசம் அணிவோர் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 31 பேரிலிருந்து 75 பேராக உயர்ந்தனர், தலைக்காயங்களும் குறைந்தன. சட்டத்துக்கு இதனினும் பெரிய வெற்றி வேண்டுமோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் எதிர்த்தரப்பார் வேறொன்றைச் சுட்டிக்காட்டினர். மிதிவண்டி ஓட்டுவோரின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது. அதிலும் பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர் கவசம் அணிவதைவிட வண்டியை விட்டுவிடுவதே மேல் என ஒதுங்கினர். ஓட்டுவோர் குறைந்தால் காயப்படுவோரும் குறைவர் அன்றோ? அதனாற் குறைவு முழுவதும் கவசத்தாலா, வண்டிகள் ஒழிந்தமையாலா என்னும் கணக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. 2003இல் பீற்றர் ஜேக்கப்சன் என்னும் ஆய்வாளர் மேலும் ஒன்றைக் காட்டினார். வீதியில் மிதிவண்டிகள் பெருகப் பெருக, ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் உள்ள ஆபத்துக் குறைகின்றது. மோட்டார் சாரதிகளின் கண் அவர்களுக்குப் பழகிவிடுகின்றது. அவ்வாறாயின் ஓட்டுவோரை விரட்டும் சட்டம், எஞ்சியிருப்போரின் ஆபத்தைக் கூட்டுவதாகவும் முடியலாம்.

நெதர்லாந்திலே கவசம் அணிந்து மிதிவண்டியில் அலுவலகம் செல்பவர் மிகச் சிலரே. ஆயினும் மிதிவண்டிக்கு மிகவும் பாதுகாப்பான நாடுகளுள் அது ஒன்றாக விளங்குகின்றது. அங்கு வண்டிக்குத் தனிப்பாதை உண்டு. குடியிருப்பு வீதிகளில் மோட்டார் வாகனங்கள் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடலாகாது. மெக்சிக்கோ நகரம் 2010இலும், அமெரிக்காவின் சியாற்றில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டம் 2022இலும் தம் கட்டாய விதியை நீக்கிக்கொண்டன. கிங் மாவட்டத்திற் கூறப்பட்ட காரணம் கவனிக்கத்தக்கது. தண்டம் பெரும்பாலும் வீடற்றவர்மீதும் கறுப்பின மக்கள்மீதுமே விழுந்தது என்று கண்டனர். இங்கு அத்தகைய விதி வருமாயின், வீதியோரத்தில் நிறுத்தப்படுபவர் யாராக இருப்பார் என்பதை நாட்கூலியில் வாழும் தோட்டத்து மக்கள் எளிதில் ஊகித்துக்கொள்வர்.

இதுவரை சமதரைக்காரர் வாதங்களைக் கேட்டோம். அவற்றின் அடியில் ஓர் எண்ணம் மறைந்து கிடக்கின்றது. மிதிவண்டி என்பது மனிதன் தன் காலால் ஓட்டுவது. அதன் வேகம் மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீற்றருக்கு மேற் போகாது என்பதே அவ்வெண்ணம். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக இறம்பொடைக்கு இறங்கும் வீதியில் நின்று பார்த்தால், அவ்வெண்ணம் அங்கேயே நொறுங்கிவிடும்.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். நூறு மீற்றர் நீளத்துக்குப் பத்து மீற்றர் இறங்கும் சரிவிலே, பிறேக்கைத் தொடாமல், மிதிக்கவும் மிதிக்காமல், ஒருவர் வண்டியை உருளவிடுகின்றார் என்று கொள்வோம். காற்றின் தடையும் சில்லின் உராய்வும் இல்லையாயின், அந்த நூறு மீற்றரின் முடிவில் அவர் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். தடையைக் கழித்தாலும் 40 எஞ்சும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது, ஏறத்தாழ பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியின் கூரையிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். எஞ்சின் இல்லாத வண்டி. ஆனால் மலை அதற்கு எஞ்சினாகிவிட்டது. பெற்றோல் செலவும் இல்லை, சத்தமும் இல்லை. சத்தம் இல்லாமையும் ஒரு தீங்குதான். முன்னே நடப்பவர் காதில் எதுவும் விழுவதில்லை.

இதனாற் பெறப்படுவன இரண்டு. முதலாவது, கீழ்நோக்கி இறங்கும் மிதிவண்டிக்காரரைச் சமதரை மிதிவண்டிக்காரரோடு சேர்த்து எண்ணலாகாது. அவர் மோட்டார் சைக்கிள்காரரோடு எண்ணப்படவேண்டியவர். கவசம் வேண்டுமா என்ற விவாதம் அவருக்கு இல்லை. இரண்டாவது, மிதிவண்டிக் கவசத்தின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஐரோப்பிய நியமத்தின்படி, அக்கவசம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து, மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் தட்டையான இரும்பின்மீது விழவிட்டுச் சோதிக்கப்படுகின்றது. 50 கிலோமீற்றருக்கு அது சோதிக்கப்பட்டதன்று. கவசம் அணிந்துவிட்டோம் என்று பிறேக்கை விடுபவர், கவசத்திடம் அதனால் இயலாத வேலையை ஒப்படைக்கின்றார்.

பிறேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண மிதிவண்டியின் பிறேக்கு, சில்லின் விளிம்பை இறப்பர்க் கட்டையால் உரசி நிறுத்துவது. மழையில் விளிம்பு நனைந்தவுடன் அதன் பிடி பெரிதும் தளர்ந்துவிடும். வண்டி நிற்கும் தூரம் இரண்டு மடங்குக்கு மேலாகலாம். மழையில்லாத நாட்களை எண்ணிவிடக்கூடிய மாதங்கள் மலையகத்தில் உண்டு. ஆகவே வளைவுக்கு வெகு முன்னரே கட்டையை இலேசாக அழுத்தி விளிம்பின் நீரைத் துடைத்துக்கொள்ளவேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் முன்சில்லை இறுகப் பிடித்தால் வண்டி வழுக்கும். கவசத்தின் நாடியும் இவ்வாறே. தாடையின் கீழ் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுகப் பூட்டாத கவசம், தலை தரையைத் தொடுமுன் தான் முதலில் போய் விழுந்துவிடும்.

கவசத்துக்குச் சார்பாக மலையகத்துக்கே உரிய இன்னொரு நியாயமும் உண்டு. அது தூரம். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வைத்தியசாலை 2017ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. நுவரெலியாவிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கின்றது. எலும்பு முறிவுக்கும் வெட்டுக்காயத்துக்கும் இவை பெருந்துணை. ஆனால் மூளையைச் சுற்றி இரத்தம் கசியும்போது வேண்டிய சத்திரசிகிச்சைக்கு நோயாளி பெரும்பாலும் கண்டித் தேசிய வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். நுவரெலியாவிலிருந்து கண்டி எழுபது கிலோமீற்றருக்கு மேல். வளைவுகளும் லொறிகளும் நிறைந்த பாதை. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். மண்டைக்குள் கசியும் இரத்தம் அதுவரை பொறுத்திருப்பதில்லை. கொழும்பிற் பிழைக்கக்கூடிய ஒரு காயம், பொகவந்தலாவையில் மரணமாகலாம்.

அவ்வாறாயின் மலையகத்தில் மிதிவண்டிக்காரர் அனைவருக்கும் கட்டாயச் சட்டம் வேண்டும் என்பதா? வேண்டியதில்லை என்பதே எம் கருத்து. ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிச் செல்பவர் ஒரு பாதசாரி. அவருக்கு எதற்குக் கவசம்? வாவிக்கரையின் மட்டமான பாதையில் மெல்லச் சுற்றும் சிறுமிக்குக் கவசம் நல்லது; தண்டம் தேவையில்லை. ஆனால் வண்டியை வாடகைக்குக் கொடுப்பவர், அதனுடன் தரமான கவசத்தையும் கொடுத்தே ஆகவேண்டும் என்று மாநகர சபை ஓர் ஒழுங்கு விதித்தால், அதனை எவரும் கொடுமை என்னார். நுவரெலியாவில் 1934 முதல் மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் நடந்துவருகின்றது. அங்கு வீதியை மூடி, எதிரே வாகனம் வராதபடி காவல் வைத்து, மேல்நோக்கி மட்டும் ஓடும் வீரனுக்குக் கூடக் கவசம் இன்றி அனுமதி இல்லை. மறுநாள் அதே ஊரிற் கீழ்நோக்கி, எதிரே பஸ் வண்டி வரும் வீதியில், வெறுந்தலையோடு ஒருவர் இறங்குவது விந்தையாகவே இருக்கின்றது.

இவ்வளவும் வண்டியில் ஏறியவரைப் பற்றிய பேச்சு. வண்டியே இல்லாதவரை மறந்துவிடுவது இத்தகைய விவாதங்களின் பொதுவான குறை. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆந் தேதி நானுஓயா ரதெல்லைக் குறுக்கு வீதியில், பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பஸ் வண்டி ஒன்று வேகத்தை இழக்க முடியாமல் வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியதில் ஏழு பேர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு மே 11ஆந் தேதி கொத்மலை கெரண்டி எல்லையிற் பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவர்களுள் எவரையும் தலைக்கவசம் காத்திராது. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும், ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரை அதே வகையான வீதியின் ஓரத்தில் வெள்ளுடைப் பிள்ளைகள் வரிசையாக நடக்கின்றனர். கொழுந்து நிறுக்குமிடத்துக்குப் பெண்கள் சுமையோடு அதே ஓரத்தில் வருகின்றனர். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் கான், நடுவே வாகனம். மூடுபனி இறங்கினால் பத்து அடிக்கு அப்பால் ஆள் தெரிவதில்லை.

பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலுள்ளவை. தோட்டத்துக்குள் செல்லும் பாதைகளின் நிலை வேறு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குப் பொதுநிதியைச் செலவிடுவதற்கு நீண்ட காலம் இடையூறாக இருந்தது. வரி வாங்கும் சபை, வாக்களித்த மக்களின் பாதைக்கு ஒரு வண்டி கல்லும் போட இயலாதென்று கைவிரிக்கும் நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, சபைகள் தோட்டங்களுக்குள்ளும் பணியாற்ற வழி பிறந்தது. அவ்வழியாற் செய்யத்தக்க வேலைகளுட் பெருஞ்செலவில்லாத ஒன்று உண்டு. லயத்துச் சந்தியிலிருந்து பாடசாலை வரை வீதியோரக் கானின்மேல் கொங்கிறீற்றுப் பலகை இட்டு மூடினால், இரண்டடி அகலத்தில் ஒரு நடைபாதை கிடைக்கும். மழைநீர் அதன் கீழே ஓடும். பிள்ளைகள் மேலே நடப்பர்.